ஓட்ட ஜாலியாகவும் இருக்கணும், வழியில் நிற்கவும் கூடாது: அளவான பட்ஜெட்டில் எந்தக் கார்?

கேள்வி இதுதான். ஓட்டும்போது ஒரு சந்தோஷம் இருக்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை ஒர்க்‌ஷாப்பில் போய் நிற்கக் கூடாது, பெரிய கடன் வாங்கவும் விருப்பமில்லை. தினமும் வேலைக்குப் போவதும் இதே காரில்தான். பின்சீட்டில் அவ்வப்போது இரண்டு பேர் உட்காருவார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு 12 வயதான ஆறு சிலிண்டர் பிஎம்டபிள்யூ செடான் ஒன்றும், 5 வயதான சின்ன ஹேட்ச்பேக் ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலையில் வருகின்றன. எதை எடுப்பது?

ஹேட்ச்பேக்கை எடுங்கள். ஆனால் அதில் எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். என் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பணம் எட்டும் உச்சத்தில் இருக்கும் காரை விட்டுவிட்டு, அதற்கு ஒரு படி கீழே எடை குறைந்த, எளிமையான கார் ஒன்றை நல்ல நிலைமையில் வாங்குவது மேல். மிச்சமாகும் பணம் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் போகட்டும். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும், அதனால் காரணத்தை விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஜாலியான கார் என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது எச்.பி. எண்ணைத்தான், அதாவது எஞ்சினின் குதிரைத்திறனை. பொதுச்சாலையில் அந்த எண்ணால் கிடைப்பது ரொம்பக் கொஞ்சம். 300 எச்.பி. காரில் முழு மிதி மிதித்தால் சில நொடிகளில் வேக வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். அதற்கு மேல் அந்தப் பலத்துக்கு வேலை இல்லை. மீதி நேரமெல்லாம் அதன் எடையையும் அகல டயர்களையும் சுமந்துகொண்டு ஊர்கிறீர்கள். 100 முதல் 150 எச்.பி. வரை உள்ள இலகுவான காரில் இரண்டாவது கியரைக் கடைசிவரை இழுத்து ஓட்டலாம், போலீஸ் நிறுத்தாது. எஞ்சினின் சத்தம் ஏறுவது, கியர் மாற்றுவது, வளைவுக்கு முன் பிரேக் பிடித்து மறுபடி மிதிப்பது என்று எல்லாமே உங்கள் கையிலும் காலிலும் நடக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐயில் 1.6 லிட்டர் எஞ்சின், 110 எச்.பி., எடை சுமார் 810 கிலோ. இன்றைக்கு அந்த எச்.பி. ஒரு சாதாரணக் குடும்பக் காரில் இருக்கிறது. ஆனாலும் ஹாட் ஹேட்ச், அதாவது துடிப்பான சின்ன ஹேட்ச்பேக், என்ற ஒரு வகையையே உலகம் முழுக்கப் பரப்பியது அந்தக் கார்தான். 1989-இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5ஐயும் பாருங்கள். அதுவும் 1.6 லிட்டர்தான், எடை ஒரு டன்னுக்குள். 2016-இல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, டிக்கியே பேருக்குத்தான் இருக்கும் ஒரு கார் இவ்வளவு விற்றதற்கு அதன் எஞ்சின் பலம் காரணமில்லை.

எடை குறைந்தால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நல்லதாகிறது. பிரேக் சின்னதாக இருந்தாலே போதும், டயர் ஒல்லியாக இருந்தாலே போதும், ஸ்பிரிங் கடினமாக இருக்கத் தேவையில்லை, பெட்ரோலும் கம்மி. தேய்மானமும் அதே கணக்கில் குறையும். 1,700 கிலோ காரின் முன் டயரும் பிரேக் பேடும் தேய்கிற வேகத்தில் 1,000 கிலோ காரில் தேயாது. ஆக, ஓட்டும் சுகமும் செலவும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டாம். இலகுவான காரில் இரண்டும் ஒரே பக்கம் நிற்கும்.

டயர் விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் 2012-இல் வந்த டொயோட்டா 86, அதாவது சுபாரு பிஆர்இசட்டின் இரட்டைப் பிறவி. பின்சக்கர இழுவை, 200 எச்.பி., எடை 1,200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்தது, பிரியஸ் ஹைபிரிடில் வரும் அதே 215 அகல மிச்சலின் டயர். கஞ்சத்தனம் என்று அப்போது சிலர் கிண்டல் செய்தார்கள். ஆனால் அது யோசித்துச் செய்த வேலை. பிடிமானம் அளவோடு இருந்தால் வழுக்கல் குறைந்த வேகத்திலேயே, மெதுவாக, சொல்லிவிட்டு வரும். கார் என்ன செய்யப் போகிறது என்று உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே உணர முடியும், திருத்தவும் நேரம் இருக்கும். அகலமான ஒட்டுடயர் போட்ட காரில் அந்த எல்லை எங்கோ 130, 140 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும்; அங்கே போய்த் தவறினால் திருத்த நேரம் கிடைக்காது. அதனால் ஒரே மாடலில் 16 அங்குல வீலும் 18 அங்குல வீலும் இருந்தால் நான் 16 வாங்கச் சொல்வேன். குழியில் ரிம் வளையாது, டயர் விலையும் குறைவு, சவாரியும் மெத்தென்று இருக்கும். ஃபோட்டோவில் 18 அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

காகிதத்தில் வராத இன்னொன்று இருக்கிறது: கையில் கிடைக்கும் உணர்வு. ஃபோர்டில் இருந்த ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ் என்ற எஞ்சினியர்தான் 1998-இல் வந்த முதல் ஃபோகஸின் ஓட்டுந்தன்மைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர். ஒரு காரின் குணத்தை முதல் 50 மீட்டரிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. டெஸ்ட் டிரைவில் இதை நீங்களும் செய்து பார்க்கலாம். கிளம்பும்போது கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று தெளிவாகத் தெரிகிறதா? மிதியைத் தொட்டதும் கார் துள்ளுகிறதா, இல்லை அரை நொடி யோசித்துவிட்டுக் கிளம்புகிறதா? ஸ்டீயரிங்கை நடுவிலிருந்து ஓர் அங்குலம் திருப்பினால் மூக்கு திரும்புகிறதா, அல்லது கொஞ்ச தூரம் ஒன்றுமே நடக்காமல் இருக்கிறதா? பிரேக் பெடலை லேசாக அழுத்தினால் லேசாகவும், பலமாக அழுத்தினால் பலமாகவும் பிடிக்கிறதா, இல்லை தொட்டதும் மூக்கைக் குத்துகிறதா? இவை சரியாக இருக்கும் கார் காய்கறி வாங்கப் போகும்போதும் சந்தோஷம் தரும். சரியில்லாத கார் 400 எச்.பி. இருந்தாலும் ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

சரி, அடுத்தது நம்பகம். இதில் எல்லோரும் செய்வது, கம்பெனி பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்வது. 'ஜப்பான் கார் நிற்காது, ஜெர்மன் கார் செலவு வைக்கும்' என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் வாங்கப் போகும் ஆளுக்கு அது போதாது. நிற்பதும் ஓடுவதும் குறிப்பிட்ட ஓர் எஞ்சினும் குறிப்பிட்ட ஒரு கியர்பாக்ஸும் சேர்ந்த ஜோடிதான். ஃபோர்டு ஃபியஸ்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பெட்ரோல் எஞ்சினும் மேனுவல் கியரும் உள்ள ஃபியஸ்டா வருடக்கணக்கில் உழைக்கும். அதன் வகுப்பில் அதைப்போல வளைவில் ஓடும் கார் குறைவு. அதே காரில் பவர்ஷிஃப்ட் எனப்படும் உலர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கைப் போட்டால் கதை மாறிவிடும். உதறல், வழுக்கல், திடீரென்று இழுவை போவது என்று உலகம் முழுக்கப் புகார். அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஒரே பெயர், ஒரே உடம்பு, ஆனால் இரண்டு வேறு கார்கள்.

ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜியும் (அதுவும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்தான்) இந்த ரகம்தான். 2013-இல் சீனாவில் லட்சக்கணக்கான கார்களை அதற்காகத் திரும்ப அழைத்தார்கள். எண்ணெயில் மூழ்கியிருக்கும் ஆறு கியர் டிஎஸ்ஜி அதைவிடத் திடம், ஆனால் அதன் ஆயிலைச் சொன்ன கிலோமீட்டரில் மாற்றியிருக்க வேண்டும். நிசானின் சில வருட சிவிடிகளும் (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) அமெரிக்காவில் வழக்கு, நீட்டித்த வாரன்டி என்று இழுத்தடித்தவை. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், எஞ்சினின் பின்புறத்தில் இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் போட ஆரம்பித்தால் அங்கே கை போகவே பாதிக் காரைக் கழற்ற வேண்டும். 2007 முதல் சில வருடம் வந்த மினி கூப்பர் எஸ் ஓட்டுவதற்கு அவ்வளவு குதூகலம், ஆனால் செயின் டென்ஷனரும் வால்வில் படியும் கரியும் அந்தக் குதூகலத்துக்கு வாடகை வசூலித்தன.

இப்போது ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சின்ன டர்போ கார்களில் பல இதில் மாட்டுகின்றன. ஃபோர்டின் 1.0 எக்கோபூஸ்ட், பியூஜோ-சிட்ரோயனின் 1.2 ப்யூர்டெக் இரண்டிலும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். உராய்வு குறையும், மைலேஜ் கூடும் என்பது கணக்கு. ஆனால் ஆயில் மாற்றத் தாமதித்தாலோ, பெட்ரோல் கலந்து ஆயில் கெட்டாலோ அந்த ரப்பர் பெல்ட் ஊறி, ஓரத்தில் பிய்ந்து, துணுக்குகள் ஆயில் சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் விழும், பிறகு எஞ்சினே போகும். பெல்ட் அறுவதற்கு முன்பே இது நடக்கலாம். இரண்டு கம்பெனியுமே பின்னாளில் இந்த எஞ்சின்களில் செயினுக்கு மாறின. இந்த எஞ்சின் உள்ள காரைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரியான தர ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றியதற்குப் பில்லும், பெல்ட்டைப் பார்த்ததற்குச் சான்றும் இல்லாமல் தொடாதீர்கள்.

அப்போ எதைத் தேடுவது? என் விருப்ப வரிசை ரொம்பப் பழமையானது. டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் பெட்ரோல், டைமிங் செயின், மேனுவல் கியர். நேரடி இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பது) இல்லாமல் வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்தப் பெட்ரோலே வால்வைக் கழுவிவிடும், கரி படியாது. டொயோட்டா 86-இன் எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டரும் இருக்கின்றன, அதனால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் டார்க் கன்வெர்ட்டர் வகையைத் தேடுங்கள், அதாவது கிளட்ச்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் பழைய வகை. 2010-களில் வந்த மாஸ்டா ஸ்கைஆக்டிவ் ஆறு கியர் பெட்டி அந்த வகைதான். கிளம்பிய சில அடிகளிலேயே உள்ளுக்குள் பூட்டிக்கொள்வதால் மேனுவலுக்கு நெருங்கிய ஒட்டுதல் கிடைக்கும்.

மாடலின் எந்த வருடம் என்பதும் முக்கியம். புது மாடல் வந்த முதல் வருடத்துக் கார்களில் கம்பெனி கற்றுக்கொள்கிறது, வாங்கியவர் ஃபீஸ் கட்டுகிறார். மாடல் முடியப்போகும் காலத்தில், அடுத்தது வரப்போகிறது என்று எல்லோரும் முகம் திருப்பும்போது வந்த கார்களில் பெரும்பாலான குறைகள் தீர்ந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும்.

பட்ஜெட்டுக்கு வருகிறேன். அந்த ஆறு சிலிண்டர் செடான் இன்று ஹேட்ச்பேக் விலைக்கு வருகிறது என்பது உண்மைதான். ஆனால் விலை குறைந்தது காருக்கு மட்டும்தான். அதன் ஷாக் அப்சார்பர், பிரேக் டிஸ்க், சென்சார், எல்லாம் அது புதிதாக விற்ற விலைக்குத் தகுந்த கிராக்கியில்தான் இருக்கும். யானையைச் சும்மா கொடுத்தாலும் தீனி யானைக்குத்தான் போட வேண்டும். 2005-ஐ ஒட்டி வந்தவற்றிலிருந்து தொடங்கி, பிஎம்டபிள்யூ ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடாது, மின்மோட்டாரில் ஓடும். பெல்ட் பம்ப் போல ஒழுகியோ சத்தம் போட்டோ எச்சரிப்பது குறைவு. ஒருநாள் நின்றுவிடும், நெடுஞ்சாலை ஓரத்தில் டெம்பரேச்சர் விளக்கு எரியும். அதோடு பிளாஸ்டிக் கூலன்ட் இணைப்புகள், வால்வ் கவர் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்ம் புஷ். எதுவும் பரம ரகசியம் இல்லை, அந்த வயதில் எல்லாமே வரிசையாக வந்து நிற்கும் என்பதுதான் விஷயம்.

அதனால் கையிலுள்ள மொத்தத்தையும் காருக்குக் கொடுக்காதீர்கள். நான் சொல்லும் பிரிவு: பட்ஜெட்டில் ஐந்தில் நான்கு பங்குக்குள் கார், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றும் முடிந்துவிட வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு கையில் நிற்க வேண்டும். முதல் மாதச் சர்வீஸ், டயர், எதிர்பாராத ஒரு பழுது எல்லாம் அதில்தான். வாங்குவதற்கு முன்பே இன்சூரன்ஸ் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். 'ஸ்போர்ட்' என்ற ஒரு சொல் பின்னால் ஒட்டியிருப்பதற்காகவே, குறிப்பாக இளவயதினருக்கு, ப்ரீமியம் எகிறுவது உண்டு. புத்தம்புதுக் கார் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று வருடத்தில் விழும் மதிப்புதான் ஒரு காரின் மிகப் பெரிய செலவு. அதை முதல் ஓனர் கட்டட்டும். முடிந்தால் மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் பாருங்கள். கீழே சொல்லும் கார்களில் சிலவற்றுக்கு வயது அதைவிடக் கூடியிருக்கும், அவற்றில் நிலைமையைப் பார்த்து முடிவெடுங்கள்.

இனி பெயர் சொல்லலாம். எல்லா நாட்டிலும் எல்லாம் கிடைக்காது, கிடைப்பதில் பொருந்துவதைப் பாருங்கள்.

உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 2011 வாக்கில் வந்த தலைமுறையில் டர்போ இல்லாத 1.6 லிட்டர், 136 எச்.பி.; ரெவ் ஏற ஏறக் குஷியாகும் எஞ்சின். 2017-இல் வந்த அடுத்தது 1.4 டர்போ, 140 எச்.பி., எடை 970 கிலோவை ஒட்டி. பலத்தில் வித்தியாசம் இல்லை, எடையும் பிக்கப்பும்தான் மாறின. புதியது வேகம், பழையது வேடிக்கை. எனக்குப் பழையதுதான் பிடிக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவருக்குப் புதியது களைப்புத் தராது. இரண்டிலும் நான்கு பேர் உட்காரலாம், டிக்கி மட்டும் சின்னது.

இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்றால் மாஸ்டா3, 2013-இல் வந்த தலைமுறை. பின்பக்கம் சக்கரங்கள் தனித்தனியே அசையும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன் இருந்த கடைசி மாஸ்டா3 அதுதான். அடுத்ததில் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இணைக்கும் எளிய டார்ஷன் பீமுக்கு மாற்றிவிட்டார்கள். டர்போ இல்லாத பெட்ரோல், செயின், மேனுவலோ நல்ல ஆட்டோமேட்டிக்கோ. அலட்டிக்கொள்ளாமல் நன்றாக ஓடும் கார். பணம் இன்னும் கம்மி என்றால் 2007-இல் வந்த மாஸ்டா2. முந்தைய மாடலைவிட சுமார் 100 கிலோ குறைத்துச் செய்தார்கள், எல்லாக் கம்பெனியும் எடை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில். ஹோண்டா ஃபிட், சில நாடுகளில் ஜாஸ், ஜாலிக்குப் பெயர் போனதல்ல. ஆனால் மேனுவலில் ஓட்டிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். பெட்ரோல் டேங்க்கை முன்சீட்டுக்கு அடியில் வைத்திருப்பதால் பின்சீட்டை மடக்கினால் சைக்கிள்கூட உள்ளே போகும்.

2013-இல் வந்த ஃபியஸ்டா எஸ்டி இந்த விலைக்குக் கிடைக்கும் அதிகபட்சக் குறும்பு. உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பும். ஆனால் அதன் 1.6 டர்போவில் கூலன்ட் குறைந்தால் சிலிண்டர் ஹெட் சூடேறி விரிசல் விடும் என்று ரீகால் நடந்தது. அந்த வேலை முடிந்த கார்தானா என்று சேஸிஸ் எண்ணை வைத்துக் கேட்டுவிட்டு வாங்குங்கள். முதுகுவலி உள்ளவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஹோண்டா சிவிக்கில் கே வரிசை எஞ்சின் இருக்கும் ஸ்போர்ட்டி மாடல் மேனுவலோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். சிக்கல் காரில் இல்லை, அதை வாங்கி மாடிஃபை செய்து கசக்கியவர்களிடம். எம்எக்ஸ்-5 எல்லாவற்றையும்விட ஜாலி, எஞ்சினும் பிழைக்கத் தெரிந்தது, பழையவற்றில் கதவுக்குக் கீழே உள்ள சில் துருப்பிடிப்பதுதான் பெரிய எதிரி. ஆனால் உங்களுக்குப் பின்சீட் வேண்டும். டொயோட்டா 86-இன் பின்சீட்டில் பை வைக்கலாம், ஆள் வைத்தால் நட்பு போய்விடும்.

எலக்ட்ரிக் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்னலில் கிளம்பும் துள்ளலுக்கு அவற்றை மிஞ்ச ஆளில்லை, தேயும் பாகங்களும் குறைவு. ஆனால் இந்த பட்ஜெட்டில் கிடைப்பவை எடை கூடியவை, வளைவில் அது தெரியும். வாங்கினால் பேட்டரியின் ஆரோக்கிய அளவைக் கருவி வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பழைய நிசான் லீஃப் போலப் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி இல்லாதவை வெயில் ஊர்களில் சீக்கிரம் தேய்ந்தன.

காரைப் போய்ப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. நல்ல மாடலில் கெட்ட கார் இருக்கும். முதலிலேயே போனில் சொல்லிவிடுங்கள்: 'நாங்க வர்றதுக்கு முன்னாடி வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க.' போனதும் பேச்சுக்கு முன் பானெட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கச் சூடேற்றியிருக்கலாம். காரணம் கேளுங்கள், பதில் திருப்தியாக இல்லாவிட்டால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகளில் செயின் கடகடவென்று கேட்கிறதா, ஆயில் விளக்கு உடனே அணைகிறதா, சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிரில் கொஞ்ச நேரம் வருவது நீராவிதான், எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், இனித்த வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது என்று சந்தேகப்படுங்கள்.

டயரைக் குனிந்து பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் அது பிறந்த வாரமும் வருடமும். 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். நண்பர் ஒருவருக்காக ஒரு காரைப் பார்க்கப் போனேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி, உள்ளே வாசனைத் திரவியம், விற்பவர் காட்டிய சர்வீஸ் புக்கில் எல்லாக் கட்டத்திலும் சீல். நான்கு டயரும் நான்கு கம்பெனி. பின்பக்கம் ஒன்று காருக்குச் சமவயது, ரப்பரில் தலைமுடி மாதிரி விரிசல். டயருக்கே இப்படிக் கணக்குப் பார்த்தவர் கியர் ஆயிலும் பிரேக் ஆயிலும் மாற்றியிருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. சீலுக்குப் பதில் பில் கேட்டோம், பில் வரவே இல்லை. திரும்பி வந்துவிட்டோம்.

காரின் கம்ப்யூட்டரில் பதிந்த பழுதுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். எரர் கோடு இல்லை என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள், அதைத்தான் விற்பவர் முந்தின நாள் அழித்திருப்பார். 'ரெடினஸ் மானிட்டர்' என்ற பக்கத்தைத் திறங்கள். கோடை அழித்தால் காரின் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அவை முடிய நாள்கணக்கில் ஓட்டம் தேவைப்படலாம். பாதி மானிட்டர் 'தயாராகவில்லை' என்று காட்டினால் ஒன்று சமீபத்தில் பேட்டரி கழற்றியிருக்க வேண்டும், இல்லை யாரோ எதையோ துடைத்திருக்க வேண்டும்.

ஓட்டும்போது கிளட்ச் சோதனை சுலபம். நான்காவது கியரில், குறைந்த ரெவ்வில் முழு மிதி மிதியுங்கள். ரெவ் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. மேடுபள்ளத்தில் ரேடியோவை அணைத்துவிட்டுப் போங்கள், தட்டல் சத்தம் வந்தால் சஸ்பென்ஷனில் தேய்ந்த லிங்க் ராடோ ரப்பர் புஷ்ஷோ. அது பயமுறுத்தும் விஷயமல்ல, பேரம் பேசும் விஷயம். பெயின்ட் அளக்கும் கருவி கிடைத்தால் ஒவ்வொரு பேனலிலும் வையுங்கள்: கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் சொச்சம் இருக்கும், திடீரென்று ஓரிடத்தில் 400 காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. இவ்வளவும் சரியென்றால் தனி மெக்கானிக் ஒருவரிடம் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கக் காசு கொடுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

வாங்கிய முதல் மாதம் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும், மலை இறக்கத்தில் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது சாதாரண நடைமுறை. அப்புறம் நல்ல டயர் நான்கு, ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஷாக் அப்சார்பர் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியிருந்தால் கம்பெனி தரத்திலேயே புதிதாகப் போட்டு அலைன்மென்ட் பாருங்கள். தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய சைலன்சர், எஞ்சின் ரீமேப் எல்லாம் அடுத்த வருடம் யோசிக்கலாம். தளர்ந்த ஷாக்கோடு ஓடிய கார் புது ஷாக்கில் எப்படி மாறுகிறது என்று உணர்ந்த பிறகு பலர் மற்றதைக் கேட்பதே இல்லை. இன்னும் பணம் மிஞ்சினால் ஒருநாள் டிரைவிங் பயிற்சிக்குப் போங்கள். மூடிய திடலில் முழு பிரேக் பிடித்துப் பார்ப்பதும், ஈரத்தில் காரை வழுக்கவிட்டுப் பிடிப்பதும் எந்த 50 எச்.பி.யைவிடவும் அதிகம் தரும்.

அந்த செடான் மனதை விட்டுப் போகவில்லை என்றால், அதையும் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை. அந்த எஞ்சினின் இழுவையும் சத்தமும் சின்னக் காரில் கிடைக்காதுதான். ஆனால் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஆயில் கேஸ்கெட்டுகள், கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் மாற்றியதற்குப் பில் கேளுங்கள். பில் இருந்தால் விலை கொஞ்சம் அதிகமானாலும் பேசலாம். இல்லையென்றால் அந்த வேலைகளுக்கு ஒரு மெக்கானிக்கிடம் விலை எழுதி வாங்கி, செடானின் விலையோடு கூட்டி, அந்தத் தொகைக்கு எத்தனை வருடம் புதிய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வருகிறது என்று பாருங்கள்.